ஈரலும் வால்கொழுப்பும்

தொல்கனாய் அப்பாவுக்கு,

கல்லீரல் மறுபரிசோதனைக்குத் தனியாகவே போகிறேன். நேற்று துணைக்கு வந்து நீங்கள் செய்த உபகாரம் போதும். "தினம் எத்தனை கிளாஸ்மா?" என்று பெரிய டாக்டர் கேட்டதும், "மறைச்சு அடிக்கிறா போல டாக்டர்" என்று சிரித்தீர்களே! வாழ்நாளில் ஓட்காவை முகர்ந்தும் பார்க்காதவள் நான். அந்தச் சிரிப்பு அதற்குள் துர்கிஸ்தான் சம்பந்தி வீடுவரை போய்விட்டது.

மாதவிலக்கு எப்போது நின்றது என்று கேட்க மட்டும் அந்த மேதைக்கு நாக்குக் கூசியது. ரத்தம் எடுத்த பெண்தான் கேட்டாள். "சினைப்பைச் சுரப்பு குறைஞ்சா கல்லீரல்ல கொழுப்பு சேரும்க்கா. இதுக்குக் குடிக்கவே வேணாம்" என்றாள்.

சாயங்காலம் சம்பந்திகள் வருவார்கள். ஆட்டு ஈரலும் வால்கொழுப்பும் வெந்திருக்கின்றன, நறுக்கி வையுங்கள். நம் வழக்கப்படி நான் ஊட்டி அவர்கள் தின்றால்தானே நம் மகள் தொல்கனாயின் நிச்சயம் உறுதியாகும்? முதலில் எல்லார் முன்னாலும், "என் பெண்டாட்டி குடிக்க மாட்டா, நான்தான் குடிப்பேன்" என்று சொல்லுங்கள். அதுவரை தட்டு என் மடியில்தான் இருக்கும்.

ஜாவ்ரேஷ்

பி.கு.: அலமாரி பாட்டிலில் பேனாவால் கோடு போட்டிருக்கிறேன். நான் வருவதற்குள் குறைந்திருந்தால், அந்தப் பழியையும் என் கல்லீரல் மேல் போடாதீர்கள்.