ஏலம் போகாத மக்காச்சோளம்

என் எஸ்தருக்கு, சண்டைக்கு வராமல் கடைசி வரை படி.

நீ போனபிறகு வந்த முதல் அறுப்புப் பண்டிகை போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. வழக்கம்போல எல்லோரும் முதல் விளைச்சலைச் சர்ச்சில் காணிக்கையாக வைத்தார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் அவற்றை ஏலம் விட்டார்கள். உன் ராகிக்குப் பெண்கள் போட்டி போடுவார்களே, நினைவிருக்கிறதா? இந்த முறை நான் கொண்டுபோனது மக்காச்சோளம். நம் காட்டில் இப்போது வேறு என்ன விளைகிறது?

நீ நோயில் படுத்த வருஷம் ராகியைக் களை தின்றுவிட்டது. களையெடுக்கக் கூப்பிட்டவர்களெல்லாம் நாகலூர்ப் பக்கம் எஸ்டேட் வேலைக்குப் போய்விட்டார்கள். அப்போதுதான் விதை டீலர் வீடு தேடி வந்தார். விதை, உரம், மருந்து எல்லாம் அவரே தருவாராம். விளைந்ததைக் கோழிப்பண்ணைக்கு அவரே ஏற்றிக்கொள்வாராம். எனக்கும் அலுத்துப் போயிருந்தது, சரி என்றேன். இப்போது என்றைக்கு விதைப்பது, என்றைக்கு மருந்தடிப்பது எல்லாம் அவர் போனில் சொல்கிறார். என் காட்டில் நானே கூலிக்காரன்.

ஏலத்தில் என் மூட்டையைத் தூக்கிக் காட்டினார்கள். யாரும் விலை கேட்கவில்லை. பின்னாலிருந்து ஒரு அம்மா, "ஏனுங்க, இது கோழித் தீவனமுங்களே, ஊட்டுல யாருங்க திம்பாங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். பிறகு கையைத் தூக்கி என் மூட்டையை நானே ஏலம் எடுத்துக்கொண்டு வந்தேன். அப்படி ஒரு வெட்கம் எனக்கு வந்ததே இல்லை, எஸ்தர்.

நேற்று டீலர் வந்தார். கீழ்க்காட்டில் மட்டும் ராகி போடட்டுமா என்று கேட்டேன்.

"போட்டா முழுக் காடும் மக்காச்சோளம் போடுங்க, இல்லீன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறனுங்க. ராகியப் போட்டுட்டு நொம்பக் கஷ்டப்படுவீங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவர் போனதும் மருமகள், "ரேசன் அரிசி இருக்குதுங்க மாமா, சோத்துக்குக் கவலையில்லீங்க. உங்க மனசுக்குப் பட்டதச் செய்யுங்க" என்றாள். நல்ல பெண். ஆனால் மனசு எங்கே இருக்கிறது? ரேசன் அரிசி தின்றுகொண்டு கோழிக்கு விதைக்கிறவனை விவசாயி என்று சொல்லலாமா?

டீலருக்கு நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். முடியாது என்று சொல்ல உடம்பில் தெம்பில்லை. நீ இருந்திருந்தால் எனக்கு முன்னால் நீயே சொல்லியிருப்பாய்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். கோழிக்கு விளைந்ததைக் கர்த்தருக்கு முன்னால் இனிமேல் வைக்க மாட்டேன். அடுத்த பண்டிகைக்குள் வீட்டோரத்திலாவது ஒரு படி ராகி விளைவிக்கப் பார்க்கிறேன். முடியாமல் போனால், வெறுங்கையோடு அந்த வரிசையில் போய் நிற்பேன்.

உன் பேச்சைத் தட்டியே பழகிய
உன் வீட்டுக்காரன்,
சாமுவேல்
கரடியூர்