நவமியில் கொடுத்த திதி

அப்பா,

உங்கள் முதல் ஆண்டுத் திதிக்காக மஞ்சள் பையை எடுத்தேன். கற்பூர வாசனை அப்படியே இருக்கிறது. அம்மா இறந்த வருடத்துப் பழைய பஞ்சாங்கத்துக்குள் உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு. அம்மாவின் பெயர். கீழே 'தசமி' என்பதை அடித்துவிட்டு 'நவமி' என்று எழுதியிருந்தீர்கள்.

அம்மா போன விமானம் கடலில் விழுந்தபோது எனக்கு ஆறு வயது. அன்றிரவு அதே கடலில் ராணுவம் சுடும் பயிற்சி நடத்தியது. பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்துத்தான் விமானம் விழுந்தது என்றது அரசாங்க அறிக்கை. அந்த அரை மணியை நம்பாத குடும்பங்கள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்கு மேலே மாதாமாதம் கூடின. நீங்கள்தான் செயலாளர். நான் மூலையில் உட்கார்ந்து மைலோ குடிப்பேன்.

இரண்டு வருடம் கழித்து அரசாங்கத்திலிருந்து உங்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டு அனுப்பினார்கள். போய் வந்தீர்கள். அதோடு கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினீர்கள்.

"காத்து மழைதான்மா. வேற ஒண்ணுமில்ல. விட்டுடு."

அதே விமானத்தில் கணவரைப் பறிகொடுத்த மேரி ஆன்டி, கிள்ளான் பாசாரில் என்னைப் பார்த்து, "உங்கப்பாவ வெலைக்கு வாங்கிட்டானுங்க லா!" என்றார். காய்கறிப் பையைக் கீழே போட்டுவிட்டு அவரோடு சண்டை போட்டேன். கல்லூரியில் யார் பேச்செடுத்தாலும் நீங்கள் சொன்னதையே சொன்னேன். காற்று மழை.

நேற்று குருக்களுக்குப் போன் செய்தேன்.

"ரிப்போர்ட்ல போட்ட டைம் படி தசமிதான்மா. மொத ரெண்டு வருஷம் அப்படித்தான் குடுத்தோம். அப்புறம் அப்பாவே வந்து மாத்தச் சொன்னாரு. தசமி பொறக்கறதுக்கு முன்னாடியே விழுந்துருச்சு சாமி, தப்பான நாள்ல குடுத்தா அவளுக்குப் போய்ச் சேராதுன்னு அழுதாரு. யாரு சொன்னான்னு கேட்டேன். அத மட்டும் கேக்காதீங்கன்னுட்டாரு."

பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். அன்றிரவு பயிற்சி முடிந்ததாகச் சொன்ன நேரத்தை ஒட்டித்தான் நவமியும் முடிந்திருக்கிறது. நவமியில் விழுந்ததென்றால், அவர்கள் சுட்டுக்கொண்டிருந்தபோதே விழுந்திருக்கிறது.

உங்களிடம் சொல்லப்பட்டது உண்மையா, எனக்குத் தெரியாது. நீங்கள் அதை நம்பினீர்கள். வருடாவருடம் மோரிப் கடலில் முழங்கால் தண்ணீரில் நின்று, நீங்கள் நம்பிய நாளில் பிண்டம் கரைத்தீர்கள். பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன் நான். என்னிடம் மட்டும் காற்று மழை.

பயந்தீர்களா? அரசாங்க வேலை, தாயில்லாப் பிள்ளை. இப்போது நானும் ஒருத்தியைப் பெற்றவள். அவளுக்குச் சளி என்றாலே நாலு தரம் எழுந்து மூச்சைப் பார்க்கிறவள். பயம் எனக்குப் புரிகிறது. அன்று நான் மேரி ஆன்டியை என்னவெல்லாம் சொன்னேன் என்று வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னபோது, நீங்கள் வாய் திறக்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தீர்களே. அதுதான் ஆறவில்லை.

இன்று காலை உங்கள் பேத்தி கேட்டாள். "மா, பாட்டி பிளேன் ஏன் விழுந்துச்சு?"

காற்று என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது.

"அம்மாவுக்குத் தெரியலடா. நெறைய பேர் இன்னும் கேட்டுக்கிட்டே இருக்காங்க," என்றேன்.

உங்கள் திதிக்குக் குருக்கள் நேரம் கேட்டார். நிமிஷம் பிசகாமல் சொன்னேன். சீட்டை மட்டும் மஞ்சள் பையில் திரும்ப வைக்கவில்லை, அப்பா. அது என் கைப்பையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மேரி ஆன்டி வீட்டுக்குப் போகிறேன்.