நாற்பத்தோராவது கையெழுத்து

சேசு மரி சூசை துணை

கள்ளக்குறிச்சி
10.2.1992

அன்புள்ள உபதேசியார் தம்பி சின்னப்பனுக்கு,

மரவள்ளி மண்டி பிலவேந்திரன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். மலையில் பனி ஜாஸ்தி என்று லாரிக்காரன் சொன்னான். உன் சம்சாரம் பெரியம்மாளுக்கு இருமல் நின்றதா?

நம்ம பங்குச் சாமியார்மேல் யாரோ ஆயருக்கு மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறார்களாம். அவரே மண்டிக்கு வந்து சொல்லிக் கண் கலங்கினார். பத்து வருசமாக மலை ஏறி இறங்கி உங்களுக்காக அலைந்த மனுசனுக்கு இதுவா கூலி? கிழங்கு லாரியோடு ஆளனுப்பி, மலை ஊர்களில் அவருக்கு ஆதரவாகக் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினேன். நாற்பது சேர்ந்தது. உன்னுடையதைக் காணோம். ஊருக்குச் செபம் சொல்லித்தருகிற உபதேசியார் பேர் இல்லாத மனுவை ஆயர் மதிப்பாரா? நீ வராத நாளில் உன் கிழங்கு எடைச் சீட்டில் நான் கையெழுத்துப் போடுவது வழக்கம்தானே. அதே மாதிரி நாற்பத்தோராவதாக உன் கையெழுத்தை நானே போட்டு அனுப்பிவிட்டேன். கோவிச்சுக்காதே.

இன்னொன்று. உன் மக செல்லி ஒரு மாசமாகத் தையல் வகுப்புக்குப் போகவில்லையாமே? பத்தொன்பது வயசுப் பொண்ணு வூட்டில் உட்கார்ந்து இன்னா பண்ணப்போகுது? மலையடிவாரத்துச் சாமியார் பங்களாவில் அந்த வகுப்புக்குத் தையல் மெஷின் வாங்கிப் போட்டவன் நான். கேட்கிற உரிமை எனக்கு உண்டு.

அன்புடன்,
பிலவேந்திரன்


மேல்பாறையூர்
கல்வராயன் மலை
24.2.1992

மண்டிக்கார அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே எழுத உட்கார்ந்தேன். தாளை மடித்து வைத்துவிட்டேன். இன்று ஆயர் இல்லத்துக் கடிதமும் வந்துவிட்டது. இனி எழுதித்தான் ஆகவேண்டும்.

அது மொட்டைக் கடுதாசி இல்லை அண்ணே. அடியில் என் பேர், ஊர், கையெழுத்து எல்லாம் போட்டு நான் எழுதியது.

பொங்கலுக்கு முந்தின வாரம், தையல் வகுப்பு முடிந்து மற்ற பெண்கள் போன பிறகு, துணி மடித்து வைக்கச் சொல்லிச் சாமியார் செல்லியை மட்டும் நிறுத்தினார். கதவைத் தாழ்ப்பாள் போட்டார். அதற்குமேல் ஒரு தகப்பன் எழுத வேண்டியதில்லை. நான்காம் நாள் அம்மாவிடம் சொன்னாள். எங்கள் குடும்பத்துக்கே ஞானஸ்நானம் கொடுத்த கை அண்ணே அது.

ஆயர் இல்லத்தில் கேட்கிறார்கள்: ‘இவர் உத்தமர் என்று நீரே கையெழுத்துப் போட்ட மனு எங்களிடம் இருக்கிறது. பிறகு எதற்குப் புகார்? எது உண்மை?’ மார்ச் ஒன்பதாம் தேதி விசாரணையாம்.

செல்லி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். “நீயும் போட்டியாப்பா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். நம்பினாளா தெரியவில்லை.

சின்னப்பன்


கள்ளக்குறிச்சி
29.2.1992

தம்பி,

உன் கடிதத்தை மூணு தரம் படித்தேன். லோடு இறங்கிக்கினு இருந்தது. எடை பார்க்கக் கூப்பிட்டார்கள். தராசில் இருந்த எண் எனக்குத் தெரியவில்லை.

உன்னிடம் மறைக்க மாட்டேன், முதலில் நான் நம்பவில்லை. நேரே சாமியாரிடம் போனேன். பொய் என்று கத்துவார், என்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் காப்பி கொடுத்தார். “அந்தப் பொண்ணு யார் யார்கிட்ட சொல்லியிருக்கு?” என்றார். நடந்ததா இல்லையா என்று கேட்டால் திரும்ப அதையேதான் கேட்டார். நான் எழுந்தபோது தோளில் கை போட்டு, “கள்ளக் கையெழுத்துப் போட்டது நீ, பிலவேந்திரா. பேசினா உள்ள போறது யாரு?” என்றார். சிரித்துக்கொண்டே.

மூட்டையைத் தட்டிப் பார்த்தே உள்ளே அழுகலா இல்லையா என்று சொல்கிறவன் நான். இந்த ஆளைப் பத்து வருசம் பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு போட்டிருக்கிறேன்.

விசாரணைக்கு வந்து சொல்கிறேன் என்று எழுதத்தான் பேனா எடுத்தேன். கடை, பேர், கோவில் கமிட்டிப் பதவி எல்லாம் கண் முன்னே வருது. பயமாக இருக்கிறது தம்பி.

பிலவேந்திரன்


மேல்பாறையூர்
4.3.1992

அண்ணே,

இன்று விபூதிப் புதன். நெற்றியில் சாம்பல் பூசச் சாமியாரே வந்தார். நான் கோவிலுக்கு வெளியே நின்றேன்.

உங்களைக் கெஞ்ச மாட்டேன். செல்லி கேட்டாள் என்று உங்கள் கடிதத்தைக் காட்டினேன். “பயத்தை மறைக்காம எழுதியிருக்காரு. ஆனா அவரு போட்ட கையெழுத்தை அவருதான் எடுக்கணும்” என்றாள்.

ஒன்பதாம் தேதி, ஆயர் இல்லத்துக்குப் போகிற வழியில், நானும் செல்லியும் காலை முதல் பஸ்ஸில் கள்ளக்குறிச்சி வந்து இறங்குவோம்.

சின்னப்பன்


கள்ளக்குறிச்சி
15.3.1992

தம்பி,

அன்று விசாரணை முடிந்து நம்ம மூணு பேரும் பஸ்ஸில் திரும்பி வந்தபோதே சொல்ல நினைத்தேன், சொல்லாமல் இறங்கிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

“அந்தக் கையெழுத்து நான் போட்டது, சின்னப்பனுக்குத் தெரியாது” என்று நான் சொன்னதும், செல்லி திரும்பி உன்னைப் பார்த்தாளே, அதைப் பார்த்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூணு சாமியார்களும் இன்னா கேட்டார்கள், நான் இன்னா சொன்னேன், ஒண்ணும் நினைவில்லை. நேற்று, நீ புகார் கொடுத்திருக்கிற போலீசிலும் அதையே எழுதிக்கொடுத்தேன். கள்ளக் கையெழுத்துக்கு என்மேல் போடுகிற கேசைப் போடட்டும்.

கமிட்டியில் என் பேரை அடித்துவிட்டார்கள். “மலை ஆளுங்களுக்காகக் கோவில் மானத்தை வித்துட்டியே” என்றார் தலைவர். “நான் விக்கிறது கிழங்குதான்யா” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வாய்தான் பேசுது. உள்ளே ஒன்றும் இல்லை. இன்று காலை பூசை மணி அடித்தது. செருப்பு மாட்டினேன், திரும்பக் கழற்றிவிட்டேன். செபம் சொல்ல வாய் திறந்தால் அந்த ஆள் குரல்தான் காதில் கேட்குது. கடிதத்தின் தலையில் எழுதுகிற மூணு திருப்பெயரைக்கூட எழுத முடியவில்லை, பார். நீ உபதேசியார். சொல்லு, நமக்கு மிச்சம் இன்னா இருக்கு?

பிலவேந்திரன்


சேசு மரி சூசை துணை

மேல்பாறையூர்
22.3.1992

அன்புள்ள அண்ணனுக்கு,

மேலே இருக்கிற வரியைப் பாருங்கள். அது என் எழுத்து இல்லை, செல்லியுடையது.

நானும் அந்த வரியை எழுதி ஒரு மாசத்துக்குமேல் ஆகிறது. வெறும் தாளில் ‘அண்ணனுக்கு’ என்று நான் ஆரம்பித்ததைப் பின்னால் நின்று பார்த்தவள், பேனாவை வாங்கி மேலே எழுதினாள். “இந்தப் பேருங்க அந்தச் சாமியாரோடது இல்லப்பா. அவரு எடுத்துக்கினு போக நான் வுடமாட்டேன்” என்றாள்.

கோவிலுக்கு வரமாட்டாள். நானும் கூப்பிடவில்லை. சாமியாரை ஆயர் தன் இல்லத்துக்கே அழைத்துக்கொண்டார். அவர்மேல் கொடுத்த கேஸ் எப்படிப் போகும், தெரியாது. இங்கே பூசை இல்லை. ஞாயிறு காலையில் ஏரிக்கரைப் புளியமரத்தடியில் செபம் சொல்கிறோம். இன்று உங்கள் மனுவில் கைநாட்டு வைத்தவர்களில் ஏழு பேர் வந்து, தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்கள். செபம் பாதியில் இருக்கும்போது செல்லியும் வந்து ஓரமாக உட்கார்ந்தாள். எல்லாரும் எழுந்து போன பிறகும் உட்கார்ந்திருந்தாள்.

மெஷினைப் பங்களாவிலிருந்து எடுத்து எங்கள் வூட்டுக்கு அனுப்பச் சொல்கிறாள். தைக்க அவளுக்கு எப்போதும் பிடிக்கும்.

அடுத்த ஞாயிறு மெஷினோடு நீங்களும் லாரியில் ஏறி வாங்கண்ணே. மரத்தடிதான். அங்கே கதவு இல்லை.

அ. சின்னப்பன்
(இது நான் போட்ட கையெழுத்து)