உத்தரிய ஊக்கு

ஷார்ஜா,
ஞாயிறு

அன்புள்ள விஜிலாவுக்கு,

மாதா புண்ணியத்தில் நான் சுகம். உன் முட்டுவலி மாத்திரையை நிறுத்திவிடாதே.

இன்று ஒரு கூத்து. அறையில் எல்லோரும் நம் ஊர்க் கோயில் பூசையை மொபைலில் பார்க்க உட்கார்ந்தோம். வேறு ஏதோ பக்கம் வந்தது. “ஏலே, கோயிலத் தட்டுனா சூதாட்டக் கடையில்லா தொறக்கு!” என்று அம்புரோஸ் அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். அறையின் வைஃபை ரூட்டரில் வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டையே வைத்திருந்ததால், யாரோ அதற்குள் புகுந்து எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் தப்பான முகவரிக்கு அனுப்பும்படி மாற்றியிருக்கிறார்கள். அதைப் பழையபடி ஆக்க ரீசெட் துளைக்குள் குத்த வேண்டும், குத்த ஒன்றும் அகப்படவில்லை. நீ சட்டையில் மாதா படத் துணி உத்தரியத்தோடு குத்திவிட்ட ஊக்கைத்தான் கழற்றினேன். பிறகு பாஸ்வேர்டை மாற்றினேன். பூசை வந்துவிட்டது.

ஊக்கு வளைந்துபோயிற்று. அம்புரோஸ் அண்ணன் லீவில் தூத்துக்குடி வருகிறார். திரும்பும்போது நாலு ஊக்கு கொடுத்துவிடு. இங்கேயும் கடையில் கிடைக்கும், இருந்தாலும் கொடுத்துவிடு.

பூசையில் சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்கப் போகிற வரிசையில் உன் நீலச் சேலை ஓரமாக வந்து மறைந்தது. போனில் தினமும் உன் முகம் பார்க்கிறேன். நீ நடந்துபோவதைப் பார்த்து வெகுநாளாயிற்று.

கம்பெனி வண்டி ஹார்ன் அடிக்கிறது. அடுத்த ஞாயிறு நடு வரிசையில் வா. கோயில் கேமரா அங்கேதான் பார்க்கிறது.

உன்
ரெக்சன்