நாலு இரவல் நாற்காலி

அக்கா,

இன்று காலை முன்னறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். வெள்ளை பளிச்சென்று வரட்டும் என்று, நீங்கள் செய்வதுபோலவே வாளியில் துணிக்குப் போடும் நீலத்தை ஒரு சிட்டிகை கரைத்தேன். அந்த ஈர வாடை எழுந்ததும் கை நின்றுவிட்டது. இதே வாடையோடு நீங்கள் என் வீட்டுக்குள் நுழைந்த நாள் ஒன்று உண்டு. அந்த நாளைப் பற்றி உங்களிடம் நான் ஒன்று சொல்லவேண்டியிருந்தது. சொல்வதற்குப் பன்னிரண்டு வருடம் இருந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்து நாற்பது நாள் ஆனபிறகு எழுதுகிறேன். பஸ் போன பிறகுதான் என் புத்தி ஸ்டாண்டுக்கு வரும், உங்களுக்குத் தெரியாததா?

என் வீட்டுக்காரர் லாரி கவிழ்ந்து இறந்த மூன்றாம் மாதம் ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். வீடு அவருடைய வேலைக்குக் கொடுத்தது. நான் பதிவில் பெயர் இல்லாத புல்வெட்டுக்காரி. பத்து வயதும் ஐந்து வயதுமான இரண்டு பெண்பிள்ளைகளோடு ஈப்போவுக்கு பஸ் ஏறினேன். அதே தோட்டத்திலிருந்து எனக்கு முன்பே வந்து ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த நீங்கள்தான் சிலிபினில் உங்கள் பக்கத்துப் பலகை வீட்டைப் பிடித்துக் கொடுத்தீர்கள்.

தோட்டத்தில் என்ன பெரிதாக வாழ்ந்துவிட்டோம்? ஆனாலும் காய்ச்சல் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் மருந்துத் தண்ணியை ஊற்றிக் கொடுப்பார். பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வேலைக்குப் போகலாம். யாரும் தாள் கேட்டதில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். டவுனில் எல்லாம் தலைகீழ். கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்லவேண்டும், தாளிலும் காட்டவேண்டும். வெல்பேர் ஆபீசில் கல்யாணப் பத்திரம் கேட்டார்கள். எங்கள் கல்யாணம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது. மாரியம்மன் பத்திரமெல்லாம் தருவதில்லை என்று நான் முணுமுணுத்ததற்கு, கவுண்டரிலேயே என் தொடையைக் கிள்ளினீர்கள். பிறகு தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியார் காலில் விழாத குறையாக ஒரு கடிதம் வாங்கி வந்து கொடுத்தோம்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கோப்பிக்கடையில் மங்கு, கிளாஸ் கழுவ விடியுமுன் போனால் இருட்டித்தான் வருவேன். பெரியவள் பள்ளிக்கூடம் போய்விடுவாள், சின்னவளைப் பார்க்க ஆளில்லை. அந்த உதவிப் பணம் வந்தால் அரைநாள் வேலையோடு நிறுத்திக்கொண்டு சின்னவளை என்னோடு வைத்துக்கொள்ளலாம். வராவிட்டால் அவளைத் தெலுக் ஆன்சனில் இருந்த பிள்ளைகள் இல்லத்தில் விடவேண்டியதுதான். அந்த ஊரை இப்போதுபோல் தெலுக் இந்தான் என்று அப்போது யார் சொன்னார்கள்!

வியாழக்கிழமை ஆபீசர் வீடு பார்க்க வருகிறார் என்று கேள்விப்பட்டதும் நீங்கள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றீர்கள்.

“தொரை லயம் பாக்க வாரமாதிரிதான் புள்ள இது. அழுக்கா இருந்தா வெரட்டிருவான். சுத்தமா இருந்தா நம்மள மதிப்பான்லா.”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. துரை வரும் நாளில் வாசலைக் கழுவி, கோலம் போட்டு, பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்து வரிசையாக நின்று வளர்ந்தவர்கள் நாம் இரண்டு பேரும். சுண்ணாம்பு அடித்தோம். தையல்காரர் வீட்டிலிருந்து நாலு நாற்காலி, எதிர்வீட்டு ரேடியோ, உங்கள் தீபாவளித் திரைச்சீலை, பூப்போட்ட கண்ணாடிக் கிளாஸ் எல்லாம் வந்து சேர்ந்தன. பிள்ளைகளுக்குப் பவுடர் அப்பி நல்ல சட்டை போட்டுவிட்டீர்கள். மறைத்து என்ன ஆகப்போகிறது, அக்கா? அன்றைக்கு அந்த அறையின் நடுவில் நின்றபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆபீசர் சின்ன வயசுப் பையன். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வந்து, இரவல் நாற்காலியில் மரியாதையாக உட்கார்ந்தார். நீங்கள் அடுப்படியில் ஆரஞ்சுத் தண்ணி கலக்கிக்கொண்டிருந்தீர்கள். அப்போது அவர் என்னிடம் ஒன்று கேட்டார். நானும் பதில் சொன்னேன். அது என்ன என்று கடைசியில் சொல்கிறேன்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. பெரியவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். குடும்ப நிலை போதுமானதாக இருக்கிறதாம். நீங்கள் தலையில் அடித்துக்கொண்டீர்கள்.

“புள்ளையார் புடிக்கப் போயி கொரங்கா முடிஞ்சிருச்சே! அந்த நாற்காலிய நாந்தானே தூக்கியாந்தேன், பாவி!”

நான் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

சின்னவளை நாம் இருவரும்தான் கொண்டுபோய் விட்டோம். அவள் அழவில்லை. பஸ்ஸில் இருந்து இறங்கியதும் உங்கள் முந்தானையைப் பிடித்தவள், அங்கே விடச் சொன்னதும் விட்டுவிட்டாள். மாதம் தவறாமல் என்னோடு பார்க்க வந்தீர்கள். பெரியவளுக்குச் சாயங்காலச் சோறு உங்கள் வீட்டில்தான். ஆஸ்பத்திரியில் திட்டினாலும் எனக்காக லீவு போட்டீர்கள். எல்லாம் அந்த நாலு நாற்காலிக்காக என்று எனக்குத் தெரியும். தோட்டம் கைவிட்டது, ஆபீஸ் கைவிரித்தது, நான் உங்கள் குற்ற உணர்ச்சியைத் தின்று பிழைத்தேன்.

முதல் வருட லீவுக்கு வந்தபோது சின்னவள் பானைக்குப் பக்கத்தில் நின்று, “தண்ணி குடிக்கலாமா?” என்று என்னிடம் அனுமதி கேட்டாள். நீங்கள் எழுந்து வெளியே போய்விட்டீர்கள். எனக்குப் போக இடமில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னீர்கள். “அந்த நாற்காலிய நான் கொண்டாந்திருக்கக் கூடாது புள்ள.” நான் உங்கள் வாயைத் துடைத்துவிட்டு, “பேசாம படுங்கக்கா” என்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீங்கள் நிம்மதியாகப் போயிருப்பீர்கள்.

நாற்காலியால் கெடவில்லை, அக்கா. அந்தப் பையன் நாற்காலியைப் பார்த்து ஏமாறவில்லை. “இதெல்லாம் பக்கத்து வீட்டுச் சாமானா?” என்று சிரித்தபடிதான் கேட்டார். பிறகு பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, “என்ன சூசா, என்ன கஷ்டம்? சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்” என்று மலாயில் நிதானமாகக் கேட்டார். துரைக்கு முன்னால் குறை சொன்னவன் மறுநாள் தோட்டத்தில் இருக்கமாட்டான் என்று பயந்தே வளர்ந்த நாக்கு இது. நான் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, “ஒரு குறையும் இல்லை, துவான்” என்றேன். அவர் இரண்டாம் தடவையும் கேட்டார். இரண்டாம் தடவையும் அதையேதான் சொன்னேன்.

இந்த இடத்தில் எழுதி நிறுத்தியிருந்தேன். சின்னவள் வந்துவிட்டாள். சுண்ணாம்பு அடித்ததே அவளுக்காகத்தான். இல்லம் இருந்த ஊரிலேயே ஒரு துணிக்கடையில் அவளுக்கு வேலை, இல்லத்துத் தோழிகளோடு அறை. பெரியவளும் கல்யாணமாகிப் போய்விட்டதால், இந்தத் தடவையாவது, ‘வந்து என்கூட இரு, அம்மாவால் தனியாக முடியவில்லை’ என்று கேட்டுவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். குடித்த கிளாஸைத் தானே கழுவிக் கவிழ்த்தாள். சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “வீடு நல்லாருக்கும்மா. ஒங்களுக்கு ஏதாவது சூசா இருக்கா?” என்று கேட்டாள்.

“ஒரு கொறையும் இல்லம்மா” என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனாள்.