நீ கூப்பிட்டாய், நான் வரவில்லை

துவைக்கப் போட்ட மலையேறும் பையிலிருந்து உன் விசில் இன்று காலை வாஷிங் மெஷினுக்குள் விழுந்து கடகடவென்று உருண்டது. ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் விசில். எடுத்துத் துடைத்தேன். வாயில் வைக்கும் இடத்தில் உன் பல் பட்ட தடம் அப்படியே இருக்கிறது. மீட்டிங்கில் பேனாவைக் கடிப்பாய், மலையில் இதைக் கடிப்பாய். எதைத்தான் சும்மா விட்டது உன் பல்?

போன மழைக்காலத்தில் கடைசியாகச் சேர்ந்து போனபோது இதை என் கழுத்தில் மாட்டிவிட்டாய். திருப்பித் தர மறந்தேன். அடுத்த வாரமே காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் புனே வாகட்டில் நாம் சேர்ந்திருந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. உன் அம்மா கோயம்புத்தூரிலிருந்து வந்து உன் சாமான்களையெல்லாம் எடுத்துக்கொண்டு போனார். இதை மட்டும் நான் கொடுக்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

உன் இடது காலுக்குள் கம்பி இருந்தது. மழை வருவதற்கு முன்பே அது வலிக்க ஆரம்பித்துவிடும். ஆபீஸ் கேன்டீனில் காலை நீவிக்கொண்டே, "கொடை எடுத்துக்க புள்ள" என்பாய். சென்னைக்காரியான என்னை இந்தப் புனேயில் புள்ள என்று கூப்பிட வேறு யாரும் இருந்ததில்லை.

அந்தக் கம்பியின் கதையை ஒருநாள் லோக்கல் ரயிலில், தளேகாவ் வருவதற்குள் சொல்லி முடித்தாய். இந்த ஊருக்கு வந்த புதிதில் ஆபீஸ் தோழிகளோடு மலைக்குப் போயிருக்கிறாய். மூடுபனி இறங்கியதும் வழி தவறிவிட்டது. ஒரு தோழி கூப்பிடுவது வலப்பக்கம் கேட்டது. அவள் நின்றதோ இடப்பக்கம். எதிர்ப் பாறையில் பட்டுத் திரும்பிய குரலை நம்பி நடந்தாய், விழுந்தாய். அவர்கள் மேலே உன்னைத் தேடிப் பேசிக்கொண்டது காதில் விழுந்தும், பதில் சொல்லத் தெம்பில்லாமல் பள்ளத்தில் கிடந்தாய்.

"பனியில யாரு கூப்பிட்டாலும் போயிறாத. நின்ன எடத்துலயே நின்னு விசில் ஊது. தேடறவங்க உன்னத் தேடி வருவாங்க."

"நீ கூப்பிட்டா?"

"நானே கூப்பிட்டாலும் வராத புள்ள. நான் கால ஒடச்சுப் படிச்சது, உனக்குச் சும்மா தர்றேன்."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அதே மலைக்கு ஒரு மராத்திக் குழுவோடு போனேன். ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்து நிமிர்வதற்குள் பனி இறங்கிவிட்டது. முன்னால் போனவர்கள் யாரும் இல்லை, சத்தமும் இல்லை. அசையாமல் நின்று உன் விசிலை ஊதினேன்.

"இங்க வா புள்ள. வழி இருக்குது."

உன் குரல். எதிரொலி என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளவும் முடியவில்லை. நான் ஊதியது விசில். பாறை விசில் சத்தத்தைத்தானே திருப்பித் தர வேண்டும்? உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பாறை உன் பெயரைத் திருப்பித் தந்தது. அது அடங்கிய பிறகு மறுபடியும் நீ. மீட்டிங்குக்கு நான் தாமதம் செய்யும்போது கூப்பிடுவாயே, அதே அலுப்போடு.

"வா புள்ள."

என் கால் தானாக எழுந்தது. ஒரு வருடமாக அந்தச் சொல்லைக் கேட்காத காது என்னுடையது. விழுந்தால் விழட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. விசிலைக் கடித்தேன். உன் பல் தடத்தில் என் பல் போய் உட்கார்ந்தது. எழுந்த காலைத் திரும்ப ஊன்றிக்கொண்டு ஊதினேன், மூச்சு முட்டும் வரை.

குழுத் தலைவர் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து சேர்ந்தார். அங்கேயே நில்லுங்கள் அக்கா என்று மராத்தியில் கத்திக்கொண்டே வந்தார். பனி விலகியதும் நான் முதலில் பார்த்தது நீ கூப்பிட்ட பக்கத்தைத்தான். அங்கே பள்ளம் இருக்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். பள்ளம் இல்லை. சமமான புல்தரை, நடுவில் நல்ல ஒற்றையடிப் பாதை. நீ சொன்னபடியே வழி இருந்தது. புல் ஓரிடத்தில் மட்டும் மிதிபட்டுச் சாய்ந்திருந்தது. மாடு நின்றிருக்கும் என்றார் தலைவர்.

ரயிலில் வரும் வழியெல்லாம் அழுதேன். வந்திருந்தால் நான் விழுந்திருக்க மாட்டேன். உன்னை ஒரு தடவை பார்த்திருப்பேனோ என்னவோ. வராதே என்று அத்தனை தடவை சொல்லிவிட்டு நீயே கூப்பிடலாமா? எனக்கு உன் மேல் கோபம்தான், இன்னும் ஆறவில்லை.

விசிலைக் காயவைத்து மறுபடி பையில் கட்டிவிட்டேன். மழை நிற்பதற்குள் இன்னொரு முறை போவேன். பனி இறங்கினால் நின்ற இடத்திலேயே நின்று ஊதுவேன். தேடுகிறவர்கள் தேடி வருவார்கள் என்று சொன்னவள் நீதான். என்னைத் தேடினால், இந்த முறை நீ வா.