அண்ணியின் தக்காளி

அண்ணி,

இன்று பத்து பாகாட் டவுனில் ஒரு கடையில் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக மார்ஷ்மெல்லோ மிட்டாய்ப் பாக்கெட்டுகளை அடுக்கியிருந்தார்கள். கை தானாகப் போய் ஒன்றை எடுத்துக்கொண்டது. வயிற்றில் ஒட்டியிருக்கும் பையை மாற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால் அதில் இரண்டை வாயில் போட்டுக்கொள்வீர்கள். “இது உள்ள போயி வர்றதக் கட்டிப்போடும். அதுக்குள்ள நான் வேலைய முடிச்சிருவேன்” என்று கண் சிமிட்டுவீர்கள்.

உங்கள் தம்பி, என் கணவர், பெருங்குடல் புற்றுநோயில் போனபோது எங்கள் மகள் தர்ஷினி சின்னப் பிள்ளை. அவர் குடலுக்குள் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னக் கட்டிகள் முளைத்திருந்தன; அது பரம்பரையாக வருவது, கூடப் பிறந்தவர்களும் பிள்ளையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் மருத்துவர். கருமக்கிரியை முடிந்த கையோடு நீங்கள் பரிசோதனைக்குப் போனீர்கள். உங்களுக்கும் இருந்தது. பெருங்குடல் முழுவதையும் எடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து பை ஒட்டினார்கள். உங்களுக்கு அது நிரந்தரம். தையல் ஆலையில் சூப்பர்வைசர் வேலையை நீங்கள் விடவில்லை. தளர்வான பாஜு குரோங் நீளச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்வந்தீர்கள். கூட வேலை செய்தவர்களுக்குக்கூடத் தெரியாது.

தர்ஷினிக்குப் பன்னிரண்டு வயதில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். திரையில் நானும் பார்த்தேன். குடலின் சுவர் முழுக்க அரிசியை இறைத்ததுபோல் இருந்தது. அடுத்த வருடம் இரத்தம் போக ஆரம்பித்தது. ஜொகூர் பாருவில் எங்களைப் பார்த்த அறுவை மருத்துவர் ஒரு மலாய்ப் பெண்மணி. இத்தனையையும் ஒவ்வொன்றாக வெட்டி எடுக்க முடியாது, விட்டுவைத்தால் என்றாவது ஒன்று புற்றாகும், பெருங்குடலை எடுத்துவிடுவதுதான் வழி என்றார். சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்துத் தைத்து உள்ளேயே ஆசனவாயோடு இணைத்துவிடுவார்கள். தையல் ஆறும்வரை சில மாதம் மட்டும் வெளியே பை இருக்கும்.

நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் காதில் ஏறவில்லை. நீங்கள்தான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டீர்கள்: “டாக்டர் புஞ்யா அனாக், டாக்டர் போத்தோங் தாக்?” உங்கள் பிள்ளையாக இருந்தால் வெட்டுவீர்களா என்று. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உங்களையே பார்த்தார். “போத்தோங்” என்றார். எனக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

தர்ஷினிக்குப் போதவில்லை. காஹாங்கில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டாள். “வயித்துல பைய மாட்டிக்கிட்டு ஸ்கூலுக்கா? நெட்பால் எப்படி ஆடுறது? நான் மாட்டேன். எனக்கு வலியே இல்லியே, எதுக்கு வெட்டணும்?”

நீங்கள் என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டு அறைக்கதவைச் சாத்தினீர்கள். மேல்சட்டையைத் தூக்கினீர்கள். அத்தனை வருடத்தில் நானும் அன்றுதான் பார்த்தேன். ஆலையில் மிஞ்சிய பூப்போட்ட துணியில் பைக்கு ஓர் உறை தைத்துப் போட்டிருந்தீர்கள். உறையை எடுத்து, பையை மெதுவாக உரித்தீர்கள். சிவப்பாக, ஈரமாக, பளபளவென்று குடல் தெரிந்தது. மூச்சை அடக்கி நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது அது ‘புர்ர்’ என்று சத்தம் போட்டது.

“பாத்தியா, மரியாதை தெரியாதது. போன வாரம் கோயில்ல, அர்ச்சனை நேரத்துல, இதே வேலைதான் பண்ணுச்சு லா.”

தர்ஷினி உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. வெடித்துச் சிரித்தாள். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

“தக்காளி மாதிரி இருக்கு அத்தை. வலிக்குமா?”

“தொட்டுப் பாரு. அதுக்கு வலியே தெரியாது.”

தொட்டாள். அதன்பிறகுதான் நீங்கள் குரலைத் தாழ்த்திச் சொன்னீர்கள். “ஒங்கப்பாவுக்கும் வலி இல்லடி. வலி வந்தப்ப நேரம் போயிருச்சு. அவனுக்கு யாரும் முன்னாடியே சொல்லல. ஒனக்குச் சொல்லிட்டாங்க.”

அவள் கழற்றி வைத்திருந்த பூப்போட்ட உறையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “எனக்கும் அந்த மாதிரி உறை தைச்சுத் தருவீங்களா?” என்று கேட்டாள்.

அறுவை நடந்த அன்று வெளியே என்னை உட்காரவைத்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்தீர்கள். “சாப்பிடு. எந்திரிச்சா அவ ஒன்னத்தான் தேடுவா” என்றீர்கள். ஆனால் மயக்கம் தெளிந்தவள் தேடியது உங்களைத்தான். “அத்தை, என் தக்காளி சின்னது” என்றாள்.

பள்ளியில் ஒருமுறை பை கசிந்தபோதும் போன் உங்களுக்குத்தான் வந்தது. ஆலையிலிருந்து நேராகக் காரை ஓட்டிக்கொண்டு மாற்றுச் சீருடையோடு வந்தீர்கள். சில மாதம் கழித்து அவள் தக்காளியை உள்ளே வைத்து மூடினார்கள். முதலில் ஓயாமல் கழிவறைக்கு ஓடினாள், போகப்போகக் குறைந்தது. அடுத்த வருடம் நெட்பால் அணிக்குத் திரும்பினாள். இப்போது சிங்கப்பூரில் வேலை. வருடா வருடம் உள்ளே குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். நல்ல செய்திதான் வருகிறது. மற்றவர்களைவிட ஒரு நாளைக்கு நாலு தடவை கூடுதலாகக் கழிவறைக்குப் போகிறாள், அவ்வளவுதான். அதையும் வெட்கமில்லாமல் சொல்லிவிட்டுப் போகிறாள்.

போன வருடம் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோனது. குளிப்பாட்ட வந்த பெண்கள் பையைப் பார்த்துத் தயங்கி நின்றார்கள். நான் செய்கிறேன் என்றேன். கழற்றினேன், துடைத்தேன், புதிதாக ஒன்றை ஒட்டினேன். தர்ஷினிக்குச் செய்து பழகிய கைதானே.

நேற்று பெக்கோக்கிலிருந்து உங்கள் சித்தப்பா பேத்தி போன் செய்தாள். அவள் மகளுக்கும் அதே கட்டிகள் இருக்கின்றனவாம். பேச ஆரம்பித்ததுமே அழுதுவிட்டாள். பழைய நானாக இருந்தால், ஒன்றும் ஆகாது, சாமி இருக்கிறது என்று சொல்லிப் பேச்சை முடித்திருப்பேன். “அழுதுட்டுச் சொல்லும்மா, நான் போன வைக்க மாட்டேன்” என்றேன். அந்த நிதானம் உங்களிடமிருந்து வந்தது, அண்ணி. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். தர்ஷினியும் வீட்டில் இருப்பாள். பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். கோழிப் பிரட்டல் என்றாள். காலையில் சந்தைக்குப் போக வேண்டும்.